கறுத்த மெட்டி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நின்றுகொண்டே தரை துடைக்கும் மருமகள் யார் என்று கேட்டால், பால்காரர்கூடக் கைலாச முதலியார் வீட்டைக் கைகாட்டுவார். ரேணுகாம்பாளுக்கு அந்தப் பெயர் வந்து இரண்டு மாதம் ஆகிறது. மூங்கில் கோலின் முனையில் குறுக்கே ஒரு கட்டை அடித்து, அதில் ஈரச் சாக்கைச் சுற்றித் தள்ளிக்கொண்டே போனால் கூடம் முழுவதும் பத்து நிமிஷத்தில் துடைத்தாகிவிடும். மண்டி போட வேண்டாம், முதுகு வளைய வேண்டாம். தெருவே சிரித்தது. மாமியார் பெரியநாயகி மட்டும் சிரிக்கவில்லை.

"குனிஞ்சி தொடைக்காத தரையில எப்பிடிம்மா சோறு துன்றது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அதே தரையில் உட்கார்ந்து இரண்டு வேளையும் சாப்பிட்டாள்.

ரேணுகாம்பாள் இந்த வேலையில் இறங்கியது பெருமைக்காக இல்லை. போன கோடையில் அவளுடைய மகள் கோமளா வயிற்றால் போய்ப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டு வயதுக் குழந்தை, தூக்கினால் கையில் கனமே இல்லை. "வீட்டைச் சுத்தமா வைம்மா, மருந்து அப்புறம்" என்று டாக்டர் சொன்னதை அவள் மனதில் எழுதி வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு குடிதண்ணீர்ப் பானைக்கு மூடி வந்தது. பானைக்குள் யாரும் கையை விடாமல் மொண்டுகொள்ள நீளக் காம்பு வைத்த அகப்பை வந்தது. கிணற்றடியில் தண்ணீர் தேங்காமல் தானாக ஓட இரண்டு கூடை செங்கல் ஜல்லி போட்டுச் சரிவு வந்தது. வாசல்படியில் கால் துடைக்க ஈரச் சாக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை, ஒவ்வொன்றிலும் கடைசியில் மாமியார் முணுமுணுத்தபடி ஒதுங்கினாள்.

துடைக்கும் கோல் ரேணுகாம்பாளின் யோசனை என்றாலும், அதைப் பிடித்த கை பெரும்பாலும் கிருஷ்ணம்மாளுடையது. அவள் அந்த வீட்டின் மூத்த மருமகள். மூத்த மகன் காய்ச்சலில் போய் ஆறு வருஷமாகிறது. அன்றிலிருந்து சாணி மெழுகுவதும் சாக்கடை தள்ளுவதும் அவள் வேலை என்று யாரும் சொல்லாமலே ஆகிவிட்டது. முப்பத்தைந்து வயதில் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற ஓரகத்தியைப் பார்த்துத்தான் ரேணுகாம்பாள் அந்தக் கோலை வெட்டினாள்.

அந்த வரிசையில் கடைசியாக வந்ததுதான் பிளீச்சிங் பவுடர்.

கருட சேவைக் கூட்டத்துக்காக நகராட்சிக்காரர்கள் தெருவெல்லாம் அந்த வெள்ளைப் பொடியைக் கோடு கோடாகத் தூவிக்கொண்டு போனார்கள். சாக்கடைக்குப் போட என்று மேஸ்திரியிடம் கேட்டு ஒரு டின் வாங்கி வைத்திருந்தாள். வியாழக்கிழமை அமாவாசை. அன்றைக்குத் தறியில் உட்கார மாட்டார்கள். மறுநாள் மாகறலில் காதுகுத்து, ஆண்கள் இருவரும் போகிறார்கள். இரண்டு நாள் தறிக்குழி காலி.

நெய்கிறவர் கால் வைத்து மிதிக்கிற குழி அது. ஈரம் இருக்கும், பூச்சி இருக்கும், பல்லி எச்சம் இருக்கும். ஆள் இல்லாத நேரத்தில் கோமளா அதில்தான் இறங்கி விளையாடுவாள், கையில் கிடைப்பதை வாயில் போடுவாள். வாரம் ஒரு தடவை உள்ளே இறங்கிச் சுரண்டி மெழுகுவதற்குப் பதிலாக மாதம் ஒரு தடவை இரண்டு கைப்பிடி பொடி போட்டுத் தண்ணீர் தெளித்தால் போதுமே என்று ரேணுகாம்பாள் கணக்குப் போட்டாள். வெறுங்காலோடு குழியில் இறங்கி ஈரப் பொடியை நன்றாக மிதித்துப் பரப்பினாள். அடுத்துக் கூடத்தில் ஒட்டடை அடித்தால் தறிமேல் தூசி விழுமே என்று தோன்றியது. குழியை விட்டு ஏறிக் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்திருந்ததால், "அக்கா, தறி மேல அந்தத் துப்பட்டிய இழுத்துப் போத்திடுங்க, கீழ வரைக்கும் தொங்கட்டும்" என்றாள். கிருஷ்ணம்மாள் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு போர்த்தினாள்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் கிருஷ்ணம்மாள் கீழே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ரேணு, மெட்டி இன்னா இப்பிடிக் கறுத்துப் போச்சி?"

"குழியில எறங்கினேன் இல்ல, அழுக்கு அக்கா."

அவ்வளவுதான் பேச்சு. அடுப்பில் பால் பொங்கியது, மறந்துபோனார்கள்.

சனிக்கிழமை காலை காபி குடித்த கையோடு தணிகாசலம் தறிக்கு வந்தான். ரேணுகாம்பாளின் கணவன், வார்த்தைகளை எண்ணிப் பேசுகிறவன். துப்பட்டியின் ஒரு முனையைப் பிடித்து உருவினான். உருவியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அப்பா, இங்க வாங்க."

குரல் வந்த விதத்தில் கைலாச முதலியார் துண்டைக்கூட எடுக்காமல் ஓடி வந்தார். ரேணுகாம்பாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அது முகூர்த்தப் புடவை. அரக்கு நிற உடல், இரண்டு பக்கமும் ஒரு சாண் சரிகைக் கரை, முந்தானையில் பாதி முடிந்திருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை அதை ஆரணிக்கு அனுப்ப வேண்டும். புதன்கிழமை மாலை வரை பளபளத்த சரிகை இன்று அடுப்புக்கரி பூசினாற்போல் கறுத்துக் கிடந்தது. நெய்த இடம் மட்டுமில்லை. ஊடை ஓட்டும் நாடாவில் இருந்த சரிகையும் பாவில் நீட்டியிருந்த சரிகை இழையும் கறுத்திருந்தன. தெருவெல்லாம் பொடி வாடை அடித்த வாரம் அது, தறியடி வாடை யாருக்கும் தனியாகத் தெரியவில்லை.

கைலாச முதலியார் தறியருகே இருந்த பெட்டியைத் திறந்து சின்ன உரைகல்லை எடுத்தார். நாடாவிலிருந்து ஓர் இழையை உருவி அழுத்தி உரைத்தார். நாற்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்தவர், கல்லை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். செம்பு தெரிந்தால் சரிகையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். நெசவாளி வீட்டுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

கல்லில் வெள்ளைக் கோடு விழுந்தது.

"அசல் வெள்ளி" என்றார். மூச்சு வந்தது அவருக்கு. பிறகு மறுபடி புடவையைப் பார்த்தார். "அசல்தான். அப்ப எதனால கறுத்துச்சு?"

அதற்குள் பெரியநாயகி வந்து கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். கறுத்த கரையை ஒரு தடவை, கீழே கிடந்த துப்பட்டியை ஒரு தடவை பார்த்தாள்.

"இதைப் போத்தினது யாரு?"

அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் என்ன பொருள் என்று ரேணுகாம்பாளுக்குத் தெரியும். முகூர்த்தப் புடவை ஏறியிருக்கிற தறிப்பக்கம் கிருஷ்ணம்மாள் போகக் கூடாது. சாதாரணப் புடவைக்கு ஊடை சுற்றலாம், கல்யாணப் புடவைக்குக் கூடாது. யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் ஆறு வருஷமாக அந்தக் கோட்டைத் தாண்டாமல்தான் கிருஷ்ணம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அத்தே" என்று பின்கட்டு நிலைப்படியிலிருந்து கிருஷ்ணம்மாளின் குரல் வந்தது.

"சொல்லியிருக்கேனா இல்லியா உனக்கு?"

"சொல்லியிருக்கீங்க."

"அப்பால எதுக்குத் தொட்ட?"

கிருஷ்ணம்மாள் ரேணுகாம்பாளைப் பார்க்கவில்லை. "தூசி விழுமேன்னு போத்தினேன்."

"எம்புள்ளைய வாரிக் குடுத்தேன். அவன் ஒக்காந்து நெய்ஞ்ச தறியாச்சும் மிஞ்சுச்சின்னு இருந்தேன். அதையும் கரியாக்கிட்டியா?" பெரியநாயகியின் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது. "ஒரு பொண்ணு தாலி கட்டிக்கப் போற பொடவைடி இது."

கைலாச முதலியார் உரைகல்லைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். தணிகாசலம் துப்பட்டியை மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான். ரேணுகாம்பாள் வாயைத் திறந்தாள். நான்தான் போர்த்தச் சொன்னேன் என்ற மூன்று வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அந்த நேரம் பார்த்துக் கோமளா உள்ளே அழுதாள். குழந்தையைத் தூக்கப் போனவள் அங்கேயே கொஞ்சம் அதிகமாக நின்றுவிட்டாள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், அத்தையின் கோபம் ஆறட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது பெரியநாயகியின் தீர்ப்பு முடிந்திருந்தது.

"பட்டுக்கடை மொதலாளி சாயந்திரம் பொடவையப் பாக்க வராரு. நடந்தத மறைக்க முடியாது, சொல்லித்தான் ஆவணும். ஆனா இனிமே இந்த வூட்ல இப்பிடி நடக்காதுன்னும் சொல்லணும் இல்ல? நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுல கூரத்துக்குப் போயிடு. ஒங்க அண்ணன் வூடுதானே."

"போறேன் அத்தே."

"சேதி அனுப்பினா ஒங்க அண்ணன் வந்து இட்டுக்கினு போவாரு" என்றார் கைலாச முதலியார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அவரு எதுக்கு மாமா? வழி தெரியாதா எனக்கு?"

சொல்லிவிட்டுக் கிருஷ்ணம்மாள் கோலை எடுத்துக்கொண்டு கூடத்தைத் துடைக்கப் போனாள். சனிக்கிழமை கூடம் துடைக்கிற நாள்.

நண்பகலில் பின்கட்டில் யாரும் இல்லை. துணி துவைக்கிற கல்லில் கால் வைத்து ரேணுகாம்பாள் பாதம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மெட்டியில் கை பட்டது. தேய்த்தாள், கறுப்பு போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள், அப்போதும் போகவில்லை.

அழுக்கு என்றால் சோப்புக்குப் போயிருக்க வேண்டும்.

அவள் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். மெட்டி வெள்ளி. சரிகையும் வெள்ளி, மேலே மெல்லிசாகத் தங்கப் பூச்சு. மெட்டி பொடியை மிதித்தது. சரிகை பொடிக்கு மேலே இரண்டு நாள், காற்று வெளியே போக வழியில்லாமல் போர்த்தி மூடி வைத்திருந்தது. போர்த்தச் சொன்னது யார்? கீழ் வரைக்கும் தொங்கட்டும் என்று சொன்னது யார்? தூசி விழக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த காரியம்தான் அந்தக் காட்டமான வாடை முழுவதையும் சரிகைக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறது.

அடுத்து அவள் செய்ததை எழுதவே சங்கடமாக இருக்கிறது. ஆனால் செய்தாள். சமையலறையிலிருந்து ஒரு கொட்டைப் புளியும் ஒரு பிடி சாம்பலும் எடுத்து வந்து இடதுகால் மெட்டியை வெறிபிடித்தாற்போல் தேய்த்தாள். விரல் தோல் உரிந்தது. மெட்டி மெல்ல மெல்ல வெளுத்தது. வலதுகால் மெட்டியும் வெளுத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பொடி டின் சாக்கடைக்கு என்று வாங்கியது, சாக்கடைப் பக்கத்தில்தான் இருக்கிறது. குழியில் போட்டதை யாரும் பார்க்கவில்லை, கிருஷ்ணம்மாளைத் தவிர.

இந்தப் பொடியால் என்று தெரிந்தால் அத்தை டின்னை மட்டுமா தூக்கி எறிவாள்? கோல் போகும், மூடி போகும், அகப்பை போகும். இந்த ஒரு வருஷத்தில் கோமளாவுக்கு ஒரு நாள்கூட வயிற்றால் போகவில்லையே, அது போகும். இதைத்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பாதி நிஜம். மீதிப் பாதி வெறும் பயம்.

வலது காலைத் தூக்கி வைக்கும்போது பின்னால் தண்ணீர் வாளி நகர்ந்தது. கிருஷ்ணம்மாள் சாக்கு அலச வந்திருந்தாள். ரேணுகாம்பாள் சட்டென்று காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"புளி எதுக்கு ரேணு?"

"சொம்பு தேய்க்க அக்கா."

கிருஷ்ணம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அங்கே சொம்பு இல்லை. சாக்கை அலசிப் பிழிந்து, கோலில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒருவேளை பொடி காரணமாக இல்லாமல் இருந்தால்? அந்த நப்பாசையில் ரேணுகாம்பாள் ஒரு காரியம் செய்தாள். தறியடியில் கிடந்த பழைய சரிகைத் துண்டு, எந்தக் கறுப்பும் படாதது ஒன்றை எடுத்தாள். கொட்டாங்குச்சியில் ஒரு சிட்டிகை பொடி போட்டு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள். பொடியில் படாமல் மேலே ஈர்க்குச்சியில் சரிகையைத் தொங்கவிட்டாள். எல்லாவற்றையும் ஒரு வெண்கலக் கிண்ணத்தால் கவிழ்த்து மூடி மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் வைத்தாள். சாயங்காலம் திறக்கும்போது சரிகை அப்படியே இருக்க வேண்டும் என்று குமரக்கோட்டத்து முருகனுக்கு வேண்டிக்கொண்டாள்.

தணிகாசலத்துக்குச் சோறு போடும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"அக்காவ அனுப்பித்தான் ஆவணுமா?"

"அம்மா சொல்லிட்டாங்க இல்ல."

"அவங்க தொட்டதாலதான் கறுத்துச்சின்னு நீங்க நம்புறீங்களா?"

அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டான். "நம்புறேனோ இல்லியோ, மொதலாளிக்கு ஒரு காரணம் சொல்லணும் இல்ல? எதனாலன்னு தெரியலன்னு சொன்னா அப்பால இந்தத் தறிக்கு யாரு பாவு குடுப்பாங்க?"

"அதுக்கு அவங்கள..."

"அண்ணிக்கு அவங்க அண்ணன் வூடு இருக்குது. நாம எங்க போறது?"

அவனும் நம்பவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. மாமாவும் நம்பவில்லை. ஒரு காரணம் வேண்டியிருந்தது, எதிர்த்துப் பேசாத காரணமாக ஒருத்தி கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரேணுகாம்பாளுக்கு அந்த நிமிஷம் தன் கணவன்மேல் வெறுப்பு வந்தது. உடனே தன்மேல் அதைவிட அதிகமாக வந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கண்ணாயிரம் வந்தார். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருப்பவர். கைலாச முதலியாருக்கு இருபது வருஷமாக நெய்யப் பட்டுப் பாவும் சரிகையும் கொடுக்கிறவர். வாசலில் காலைச் சாக்கில் துடைத்துக்கொண்டு, "இது ரொம்ப நல்ல ஏற்பாடுப்பா, என் கடைக்கும் ஒண்ணு போடணும்" என்று சொல்லியபடி உள்ளே வந்தார். புடவையைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இன்னா முதலியாரே இது?"

"உரைச்சிப் பாத்துட்டேன் மொதலாளி. சரிகை அசல்தான்." கைலாச முதலியார் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ரேணுகாம்பாள் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. "இது எங்க வூட்டு தோஷம். மங்கலப் பொடவையில படக் கூடாத கை..."

ரேணுகாம்பாள் பின்கட்டுக்கு ஓடினாள். கிண்ணத்தை நிமிர்த்தினாள். காட்டமான வாடை மூக்கில் ஏறியது. ஈர்க்குச்சியில் தொங்கிய சரிகை கறுத்திருந்தது. ஒரு பக்கம் மட்டும்கூட இல்லை, முழுசாகக் கறுத்திருந்தது.

எவ்வளவு நேரம் அங்கே நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. குச்சியோடு அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது மாமா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். கிருஷ்ணம்மாள் சமையலறைக் கதவோரம், யார் கண்ணிலும் படாத இடத்தில் நின்றிருந்தாள்.

"மாமா, அக்கா கை இல்ல. என் கை."

பெரியநாயகி திரும்பினாள். "நீ உள்ள போம்மா."

"போறேன் அத்தே, சொல்லிட்டுப் போறேன். அமாவாச அன்னிக்குக் குழியில பிளீச்சிங் பவுடர் போட்டேன். தறிய மூடச் சொன்னதும் நான்தான். அக்காவா மூடல. அந்த வாடைதான் சரிகையக் கறுக்க வச்சிருக்குது." குச்சியை நீட்டினாள். "இது காலையில கறுப்பு இல்ல. மத்தியானம் பொடி போட்டு மூடி வச்சேன். இப்ப பாருங்க."

கண்ணாயிரம் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார்.

"இதுவும் பாருங்க." ரேணுகாம்பாள் புடவை ஓரத்தைச் சற்றுத் தூக்கி இரண்டு பாதங்களையும் ஒன்றாக வைத்தாள். மாமனார் முன்னால், கடைக்காரர் முன்னால் அப்படி நிற்பதே அந்த வீட்டில் நடக்காத காரியம். இடது மெட்டி வெளேரென்று இருந்தது, வலது கரியாக இருந்தது. "ரெண்டும் கறுத்துச்சி. மத்தியானமே எனக்குத் தெரிஞ்சி போச்சி. மறைக்கணும்னு ஒண்ண தேய்ச்சி வெளுத்தேன். இன்னொண்ண தேய்க்க முடியல."

கண்ணீர் வந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

தணிகாசலம் ஓரடி முன்னால் வந்தான். அடிக்கப் போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். வந்தவன் தறிக்குழியில் குனிந்து, விரலால் மண்ணைத் தொட்டு முகர்ந்தான். பிறகு குழி ஓரத் திண்டில் உட்கார்ந்தான்.

கண்ணாயிரம்தான் முதலில் பேசினார். "மருந்து வாடைன்னா பட்டும் இத்துப் போயிருக்கும். பாவு தாங்குதான்னு இழுத்துப் பாருங்க முதலியாரே. நெய்ஞ்சதையும் கறுத்த சரிகையையும் அறுத்துத் தள்ளிடுங்க. நாளைக்கு வேற சரிகை அனுப்புறேன். அப்பனும் புள்ளையும் மாத்தி மாத்தி உக்காந்தா கல்யாணத்துக்கு முடிச்சிடலாம். ஆரணிக்காரங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்." வாசல் வரை போனவர் திரும்பினார். "குழியில மட்டும் போடாதம்மா. மத்தபடி நீ பண்றது நல்லதுதான்."

அவர் தலை மறைந்ததும் பெரியநாயகி எழுந்தாள். பின்கட்டுக்குப் போனாள். டின்னை எடுத்து அப்படியே தெருச் சாக்கடையில் கவிழ்த்தாள். திரும்பி வந்து மூலையில் சாய்த்திருந்த துடைக்கும் கோலை எடுத்து முழங்காலில் வைத்து முறிக்கப் பார்த்தாள். நல்ல மூங்கில், முறியவில்லை. அதையும் தெருவில் வீசினாள்.

"நாளையிலேர்ந்து சாணி" என்றாள்.

கிருஷ்ணம்மாளிடம் அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. போகாதே என்று சொல்லவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றும் சொல்லவில்லை. கைலாச முதலியார் கத்திரியை எடுத்துக்கொண்டு தறியில் உட்கார்ந்தார்.

பின்கட்டு அறையில் கிருஷ்ணம்மாள் தகரப் பெட்டியைத் திறந்து வைத்து இரண்டு வெள்ளைப் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். ரேணுகாம்பாள் வாசலில் நின்றாள்.

"அதான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே அக்கா. இன்னும் எதுக்குப் பொட்டி?"

"நீ சொன்ன. நல்லதுதான்."

"அத்தை ரெண்டு நாள்ல சரியாயிடுவாங்க."

"அவங்களுக்காகப் போவல ரேணு." கிருஷ்ணம்மாள் கையிலிருந்த புடவையின் மடிப்பைத் தட்டினாள். "காலையில என்னைப் போன்னு சொன்னாங்க இல்ல? மாமா இருந்தாரு, ஒம்புருஷன் இருந்தாரு, நீ இருந்த. அவ இன்னா பண்ணா பாவம்னு கேக்க ஒரு வாய் இல்ல. ஆறு வருஷம் இந்த வூட்டத் தொடச்சேன்."

ரேணுகாம்பாளுக்குக் காலைப் பொழுது கண்முன் வந்தது. குழந்தை அழுத சாக்கில் உள்ளே நின்ற அந்த நேரம். ஏதோ ஒன்று அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, அமாவாச அன்னிக்கே என் மெட்டியப் பாத்தீங்க."

"பாத்தேன்."

"அப்ப காலையிலயே ஒங்களுக்குத் தெரியும்."

"துப்பட்டிய உருவினப்பவே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பொடிய தூக்கிப் போட்டுடுவாங்க. கோமளா போன வருஷம் கெடந்த கெடப்ப நானும்தான் பாத்தேன்." இன்னொரு புடவையை எடுத்து மடித்தாள். "அப்பால, நீயா சொல்வன்னு இருந்தேன். மத்தியானம் புளியோட ஒக்காந்திருந்த பாரு, அப்பதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சி."

ரேணுகாம்பாள் அவள் காலடியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கிருஷ்ணம்மாள் அவள் தலையில் கை வைத்தாள். வைத்த கையை எடுத்து மறுபடி பெட்டியில் வேலையைப் பார்த்தாள்.

"கோலு தெருவுல கெடக்குது, எடுத்து வை. ரெண்டு வாரம் போவட்டும், அத்தைக்கு இடுப்பு புடிச்சிக்கும், அவங்களே கேப்பாங்க. சாக்க மட்டும் வாரத்துக்கு ஒருதபா கொதிக்கிற தண்ணியில போட்டு எடு. இல்லன்னா அழுக்க இங்கேர்ந்து அங்க தள்ளிக்கினு போறதுதான் ஆவும்."

முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிக் கிணற்றடிக்குப் போனாள்.

பெட்டி திறந்தபடி இருந்தது. காலையில் கட்டிக்கொள்ள ஒரு புடவையை மேலே எடுத்து வைக்கலாம் என்று ரேணுகாம்பாள் கையை விட்டாள். அடியில் விரித்திருந்த காகிதத்துக்கும் புடவைக்கும் நடுவில் ஒரு தபால் கார்டு கிடந்தது. எட்டாவது வரை படித்தவள், பார்த்த கண் படிக்காமல் இருக்கவில்லை.

அண்ணன் எழுதியிருந்தார். மூன்று மாதத்துக்கு முந்தைய மாசி மாதத் தேதி. கூரத்தில் பிழைப்புக்கு வழியில்லை, வீட்டைக் கொடுத்துவிட்டோம், குடும்பத்தோடு பம்பாய்க்குப் போகிறோம், விலாசம் கிடைத்ததும் எழுதுகிறேன், நீ அங்கேயே பத்திரமாக இரு என்று நாலே வரிதான்.

கிணற்றில் ராட்டினம் சுற்றும் சத்தம் கேட்டது. கூடத்தில் மாமா கறுத்த சரிகையை அறுக்கிற சத்தம் கேட்டது. அடுக்களையிலிருந்து அத்தை, நாளைக்கு முதல் பஸ் ஐந்தரைக்கு என்று தணிகாசலத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ரேணுகாம்பாள் எழுந்து நின்றாள். இந்தத் தடவை சாயங்காலம் வரை காத்திருக்க நேரம் இல்லை.